புரிந்துவிடுவதுதான் சிக்கல்: ஆங்கிலச் சொற்சேர்க்கைகளும் அவற்றைக் கற்போரும்

கூடை முடைகிறோம், பானை வனைகிறோம், சுவர் எழுப்புகிறோம், கோலம் இடுகிறோம். நான்குமே ஒன்றை உண்டாக்கும் வேலைகள்தான். ஆனாலும் பானையை முடைய முடியாது, சுவரை வனைய முடியாது. இலக்கணம் இதைத் தடுக்கவில்லை. எழுவாய், பயனிலை, வேற்றுமை உருபு எல்லாம் சரியாகவே இருக்கும். வழக்கம்தான் தடுக்கிறது. நம் பள்ளித் தமிழ்ப் பாடநூல்கள் இதை வினைமரபு என்ற தலைப்பில் கற்றுத்தருகின்றன. இந்தக் கவனம் நம்மிடம் மிகப் பழையது. பலவகைப் பொருள்களுக்குப் பொதுவாக நிற்கும் ஒரு பெயரை, அவற்றுள் ஒரு வகைக்கு மட்டும் உரிய வினையோடு முடிக்கக் கூடாது என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் விதிக்கிறது. அடிசில் என்பதில் உண்பதும் தின்பதும் நக்குவதும் பருகுவதும் அடங்கும். ஆகவே அடிசிலைத் தின்றார் என்றோ பருகினார் என்றோ சொல்லாமல் அயின்றார், மிசைந்தார் என்று பொதுவினையால் சொல்லவேண்டும் என உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். எந்த விலங்கின் இளமைக்குக் குட்டி, எதற்குக் கன்று, எதற்குக் குருளை என்பதற்கு மரபியலில் தனி இடமே உண்டு.

அடுத்த பாடவேளையில் ஆங்கில ஆசிரியர் வகுப்புக்குள் வந்ததும் இந்த அறிவைப் பையில் போட்டு மூடிவிடுகிறோம். ஆங்கிலம் என்றால் ஒரு கையில் இலக்கணம், மறு கையில் சொற்பட்டியல். இரண்டையும் சேர்த்தால் வாக்கியம் தானே வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான வகுப்புகள் நடக்கின்றன. அந்த நம்பிக்கையை ஆங்கிலம் கற்பித்தவர்களே கேள்விக்குள்ளாக்கி நூறாண்டு ஆகப்போகிறது. தமிழில் வினைமரபு என்று நாம் சொல்வதையும் அதைவிடச் சற்று அகலமானதையும் சேர்த்து அவர்கள் காலோகேஷன் என்றார்கள். சொற்சேர்க்கை என்று இங்கே வைத்துக்கொள்வோம்.

மொழியியலில் இதற்கு அதிகம் புழங்கிய எடுத்துக்காட்டு தேநீர். மைக்கேல் ஹாலிடே 1966இல் எழுதிய கட்டுரையில் அது இடம்பெற்றது. ஆங்கிலத்தில் ஸ்ட்ராங், பவர்ஃபுல் இரண்டுக்கும் வலுவானது என்றே பொருள். வாதத்துக்கு இரண்டும் பொருந்தும். ஆனால் தேநீருக்கு ஸ்ட்ராங், காருக்குப் பவர்ஃபுல்; மாற்றிச் சொன்னால் கேட்பவருக்கு உறுத்தும். ஏன் என்று கேட்டால் காரணம் கிடையாது. நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் 'ஸ்ட்ராங்கா ஒரு டீ' என்று கேட்பவருக்கு ஹாலிடேயைத் தெரியாவிட்டாலும் சேர்க்கை பிசகாது, அது முழுசாகவே இங்கே வந்து சேர்ந்த ஒன்று. அதன் எதிர்ப்பதம் அப்படி வரவில்லை. நாம் 'லைட்டா' என்கிறோம். ஆங்கிலத்தில் அது வீக் டீ. லைட் டீ என்று இங்கிலாந்தில் ஒருவரிடம் சொன்னால், மாலையில் கொறிக்கும் சிற்றுணவைக் கேட்பதாக நினைக்கக்கூடும். ஒரே பானத்தைப் பற்றிய இணையில் ஒரு பாதி நமக்குச் சரியாக வாய்த்தது, மறுபாதியை நாமே செய்துகொண்டோம்.

இந்த ஆராய்ச்சி தொடங்கிய இடம் இங்கிலாந்து அல்ல, டோக்கியோ. ஆங்கிலம் கற்பித்தலைச் சீரமைக்க 1922இல் ஜப்பானுக்கு அழைக்கப்பட்ட ஹரால்ட் பாமர், மறு ஆண்டே அங்கு அதற்கென ஓர் ஆய்வு நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். கற்போருக்கு எத்தனை சொற்கள் போதும் என்ற கணக்கைப் போட உட்கார்ந்தவருக்கு, தொல்லை தருவது தனிச் சொற்கள் அல்ல என்பது பிடிபட்டது. எளிய சொற்களே இரண்டு மூன்றாகச் சேரும்போது, பகுதிகளை வைத்துக் கட்டமுடியாத முழுமைகளாக நிற்கின்றன. அவற்றை அப்படியே கற்றாக வேண்டும். 1933இல் அவர் வெளியிட்ட அறிக்கை ஆங்கிலச் சொற்சேர்க்கைகளுக்காகவே எழுதப்பட்டது. அவரோடு பணியாற்றிய ஏ. எஸ். ஹார்ன்பி இரண்டு சகாக்களுடன் தொகுத்த கற்போர் அகராதி, போர் நடந்துகொண்டிருந்த 1942இல் டோக்கியோவில் அச்சாகி வெளிவந்தது. போருக்குப் பின், 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்பாக வெளியிட்டது. நம் கல்லூரி மாணவர்களின் மேசைகளில் தடித்த நூலாகவும் இப்போது கைபேசிச் செயலியாகவும் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழித்தோன்றல்தான். அதில் ஒரு சொல்லுக்குப் பொருள் மட்டுமன்றி எடுத்துக்காட்டு வாக்கியங்களும் இருப்பதற்கு இந்த ஜப்பானியப் பின்னணி ஒரு காரணம். பெரும்பாலானோர் பொருளைப் பார்த்துவிட்டு எடுத்துக்காட்டைத் தாண்டிவிடுகிறோம் என்பது வேறு கதை.

கோட்பாட்டைத் தந்தவர் ஜே. ஆர். ஃபர்த். 1920களில் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். தமிழ் ஒலிப்பு பற்றிய அவருடைய சிறு விளக்கம், சென்னையில் அச்சான ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்கு 1934இல் பின்னிணைப்பாகச் சேர்ந்தது. பின்னாளில் லண்டனில், பிரிட்டனின் முதல் பொது மொழியியல் பேராசிரியரானார். ஒரு சொல்லின் பொருளில் ஒரு பங்கு, அது எந்தச் சொற்களோடு பழகுகிறது என்பதில் இருக்கிறது என்று 1950களில் அவர் வாதிட்டார். பையனுக்குச் சேர்மானம் சரியில்லை என்று நாம் சொல்வதுபோல, சொல்லையும் சேர்மானத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது அவர் கருத்து.

ஆனால் சேர்மானத்தை எப்படி அளப்பது? காதால் கேட்டு அளப்பதில் பிழை வரும். தாய்மொழிக்காரருக்கும் தன் பேச்சு பற்றிய நினைவு நம்பத்தக்கதல்ல. ஃபர்த்தின் வழிவந்த ஜான் சின்க்ளேர் 1960களில், கணினிகள் அறையளவு பெரிதாகவும் மிக மெதுவாகவும் இருந்த காலத்தில், பேச்சு ஆங்கிலத்தைப் பதிவுசெய்து எண்ணத் தொடங்கினார். ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு சொற்களைப் பார்த்தால் அதன் முக்கியக் கூட்டாளிகள் அகப்பட்டுவிடுவார்கள் என்று அவர் குழு கண்டது. இன்றைய மென்பொருள்கள் பலவும் அந்த நான்கையே பின்பற்றுகின்றன. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அவர் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி 1987இல் வெளிவந்தபோது, அதன் எடுத்துக்காட்டுகள் தொகுப்பாசிரியர்கள் யோசித்து எழுதியவையாக இல்லாமல், மக்கள் உண்மையில் எழுதிய, பேசிய வாக்கியங்களிலிருந்து எடுக்கப்பட்டன. இத்தகைய வாக்கியங்களின் தொகுப்பாக 1994இல் முடிந்த பிரிட்டிஷ் தேசியத் தரவகம் பத்துக் கோடிச் சொற்கள் கொண்டது.

அவ்வளவு பெரிய குவியலில், அடிக்கடி சேர்ந்து வருவதும் உறுதியாகச் சேர்ந்து வருவதும் வேறுவேறு என்பது தெரிந்தது. குட், டைம் இரண்டும் ஆயிரக்கணக்கான இடங்களில் அடுத்தடுத்து வரும். ஆனால் இரண்டுமே யாரோடும் சேரும் சொற்கள், அந்த நெருக்கத்தில் பெரிய பிணைப்பு இல்லை. பேட்டட் என்ற சொல்லோ ப்ரெத் என்பதைத் தவிர வேறெதனோடும் இப்போது காணப்படுவதே அரிது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதைச் சொல்லும் ஒரே ஒரு தொடரில் அது உயிரோடிருக்கிறது. தற்செயலாக எத்தனை முறை சந்திக்கும் என்று கணக்கிட்டு, உண்மையில் எத்தனை முறை சந்திக்கிறது என்பதோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு எண்ணாக வந்துவிடும். கென்னத் சர்ச், பேட்ரிக் ஹேங்ஸ் இருவரும் 1990இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு அகராதிக்காரர்கள் இந்தக் கணக்கை அன்றாடக் கருவியாக்கிக்கொண்டார்கள்.

கற்போரைப் பற்றி இந்தக் கணக்கு சொல்லும் செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஃபில் டூரன்ட், நார்பர்ட் ஷ்மிட் இருவரும் 2009இல் தாய்மொழியாளர் எழுத்தையும் மற்றவர் எழுத்தையும் ஒப்பிட்டார்கள். பிறமொழியாளர் சொற்சேர்க்கையே இல்லாமல் எழுதுகிறார்கள் என்பதல்ல அவர்கள் கண்டது. அடிக்கடி வரும் சேர்க்கைகளை அவர்கள் தாராளமாக, ஒரு விதத்தில் அளவுக்கு மிஞ்சியே, பயன்படுத்துகிறார்கள். டென்ஸ்லி பாப்புலேட்டட் போல, அரிதாக ஆனால் இறுக்கமாகச் சேரும் இணைகள்தாம் அவர்கள் எழுத்தில் குறைகின்றன. நல்ல ஆங்கிலம் எழுதும் நம்மவர் பலருடைய எழுத்தில் பிழை ஒன்றும் இல்லாமலே ஏதோ ஒரு சோகை தெரிவதற்கு இதுவே விளக்கம் என்று நினைக்கிறேன்.

ஏன் இப்படி? மரபுத்தொடர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொடரின் சொற்கள் எல்லாம் தெரிந்தும் பொருள் பிடிபடாவிட்டால் வாசகர் நிற்கிறார், அகராதியைப் புரட்டுகிறார், அதனால் அது மனத்தில் தங்குகிறது. ஸ்ட்ராங் டீ அப்படி நிறுத்தாது. ஹெவி ரெய்ன், மேக் எ மிஸ்டேக், ஹை ஃபீவர் எதுவும் நிறுத்தாது. படித்த கணமே புரிந்துவிடும். புரிந்துவிடுவதால் எந்தச் சொல் எந்தச் சொல்லைத் தேர்ந்தது என்று மனம் குறித்துக்கொள்வதில்லை. பொருள் உள்ளே போகிறது, வடிவம் வெளியே நின்றுவிடுகிறது. பிறகு அதே கருத்தைத் தானே எழுத வேண்டி வரும்போதுதான், அந்த இடத்தில் ஒரு வினைச்சொல் தேவை என்பதும் அது தன்னிடம் இல்லை என்பதும் தெரிகிறது. நிறையப் படித்தால் தானாக வந்துவிடும் என்ற அறிவுரை எல்லாருக்கும் பலிக்காததற்குக் காரணம் இதுதான்.

ஆலிசன் ரே என்ற ஆய்வாளர் 2002இல் இதை வயதோடு இணைத்துப் பேசினார். குழந்தை தான் கேட்கும் தொடரை ஒரே கட்டியாக எடுத்துக்கொள்கிறது, தேவை வந்தால் மட்டுமே உடைக்கிறது. எழுத்தறிவு பெற்ற பெரியவரோ கண்டதும் உடைத்துவிடுகிறார். உடைத்த துண்டுகளைத் தனித்தனியாகச் சேமித்து, பிறகு தன் விருப்பப்படி ஒட்டுகிறார். அவர் ஒட்டும் பசை தாய்மொழி. ஜெர்மன் பேசும் உயர்நிலை மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை ஆராய்ந்து நாட்யா நெசல்ஹாஃப் 2005இல் எழுதிய நூல் இதற்கு வலுவான சான்று. வினையும் பெயரும் சேரும் இடங்களில் பிழைகள் மலிந்திருந்தன, பெரும்பாலும் தவறியது வினை, பிழைகளில் பெரும்பங்கில் ஜெர்மனின் சாயல் இருந்தது. வகுப்பறையில் எத்தனை ஆண்டு ஆங்கிலம் படித்தார்கள் என்பதால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் இல்லை. நெருங்கிய மொழியான ஜெர்மனுக்கே இந்த நிலை என்றால் தமிழர்களைக் கேட்கவே வேண்டாம்.

தமிழில் 'கடும்' என்ற ஒரே அடையை எடுத்துப் பாருங்கள். கடும் போட்டி, கடும் வறட்சி, கடும் காய்ச்சல், கடும் குளிர், கடும் உழைப்பு, கடும் தட்டுப்பாடு. நாளிதழ் ஒன்றைப் புரட்டினால் போதும், இதில் பாதி கண்ணில் படும். ஆங்கிலத்தில் போட்டிக்கு ஸ்டிஃப், வறட்சிக்கு சிவியர், காய்ச்சலுக்கு ஹை, குளிருக்குப் பிட்டர், உழைப்புக்கு ஹார்ட், தட்டுப்பாட்டுக்கு அக்யூட். ஒரு தமிழ்ச் சொல் ஆறாகச் சிதறுகிறது. மறுபுறம் ஹெவி என்ற ஆங்கிலச் சொல் மழைக்குப் போனால் கன, போக்குவரத்துக்குப் போனால் கடும், அபராதத்துக்குப் போனால் பெரும், இழப்புக்குப் போனால் பெருத்த என்று இங்கே பிரிகிறது. புகைபிடிப்பவரோடு சேர்ந்தாலோ அடையே போய், ஓயாமல் புகைப்பவர் என்று வினையெச்சமாகிவிடுகிறது. ஒன்றுக்கு ஒன்று என்று மனப்பாடம் செய்த சொற்பட்டியல் இந்த இடத்தில் கைவிட்டுவிடும்.

வினைகளில் சேதாரம் இன்னும் அதிகம். செய், பண்ணு என்ற இரண்டும் நமக்கு எல்லாவற்றுக்கும் உதவும். டிஸ்கஸ் பண்ணு, மேனேஜ் பண்ணு என்று ஆங்கில வினைகளையே தத்தெடுக்கும் அளவுக்குத் தாராளமானவை. ஆங்கிலம் அந்த வேலையை டூ, மேக் என்று இரண்டாகப் பங்கிட்டிருக்கிறது. வீட்டுப்பாடமும் உதவியும் டூ பக்கம், தவறும் முயற்சியும் சத்தமும் மேக் பக்கம். தப்புப் பண்ணு என்பதிலிருந்து டூ எ மிஸ்டேக் பிறக்கிறது. மருந்து சாப்பிடுகிறோம், ஆகவே ஈட் மெடிசின்; அங்கே டேக். கனவு காண்கிறோம், ஆகவே ஸீ எ ட்ரீம், அங்கே ஹேவ். சந்தேகம் கேட்கிறோம், ஆகவே ஆஸ்க் எ டவுட். இவற்றில் எதிலும் கற்பவருக்குச் சொல் தெரியாமலில்லை. இலக்கணமும் தவறவில்லை. ஆகவே விடைத்தாளைத் திருத்துபவர் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுவிட்டு ஏன் என்று எழுதாமல் நகர்ந்துவிடுகிறார். எழுதுவதற்கு விதி ஒன்றும் இல்லை.

தாய்மொழியோடு ஒத்துப்போகும் சேர்க்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். டீப் ஸ்லீப் என்றால் ஆழ்ந்த உறக்கம், தமிழருக்கு இதில் கற்பதற்கு ஒன்றும் இல்லை. ஜப்பானியரை வைத்து யமஷிதா, ஜியாங் இருவரும் 2010இல் செய்த சோதனையில் இந்த வேறுபாடு நேரக் கணக்காகவே வெளிப்பட்டது: ஜப்பானிய மொழியோடு ஒத்துப்போகாத ஆங்கிலச் சேர்க்கைகளை இனங்காண, தம் நாட்டிலேயே ஆங்கிலம் கற்றவர்களுக்கு அதிக நேரம் பிடித்தது, பிழையும் கூடியது. ஆங்கிலச் சூழலில் வாழ்ந்தவர்களுக்கு வேகம் கூடிவிட்டது, ஆனால் பிழை முழுதும் போகவில்லை. ஆக, எல்லாச் சேர்க்கைகளையும் ஒரே பட்டியலில் போட்டுக் கற்பிப்பது வீண் உழைப்பு. தமிழோடு முரண்படுபவை எவை என்று தனியே பிரித்தெடுத்த ஒரு நூல் நம் மாணவர்களுக்கு வேண்டும். லண்டனில் அச்சாகும் நூலால் அது முடியாது. அது உலகம் முழுவதற்கும் பொதுவாக எழுதப்படுவது.

சேர்மானத்தின் விளைவு இன்னொன்றும் உண்டு. நிறம் ஒட்டிக்கொள்ளும். காஸ் என்ற வினை பெரும்பாலும் சேதம், சிக்கல், மரணம், நோய் போன்றவற்றோடே வருகிறது என்று மைக்கேல் ஸ்டப்ஸ் 1990களில் தரவுகளைக் கொண்டு காட்டினார். அகராதியில் அதற்கு 'காரணமாயிரு' என்ற நடுநிலைப் பொருள்தான். ஆனால் என் வெற்றிக்கு ஆசிரியர் காரணம் என்று சொல்ல ஒரு மாணவி அந்த வினையைப் பயன்படுத்தினால், நன்றியில் ஒரு குற்றச்சாட்டு கலந்துவிடும். கமிட் என்ற வினையைச் சுற்றிக் கொலையும் குற்றமும் பாவமும் நிற்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தற்கொலை 1961இல் குற்றப்பட்டியலிலிருந்து நீங்கியது. வினை மட்டும் நீங்கவில்லை. அது இறந்தவரைக் குற்றவாளிபோல் காட்டுகிறது என்பதால், ஊடகங்களுக்கான வழிகாட்டுதல்கள் இப்போது அந்த வினையைத் தவிர்க்கச் சொல்கின்றன.

சரி, எப்படிக் கற்பது? அடிக்கடி கண்ணில் பட்டால் பதியும் என்பது உண்மைதான், ஆனால் எத்தனை முறை என்பதில்தான் விஷயம். வெப், நியூட்டன், சாங் மூவரும் தைவான் மாணவர்களுக்கு ஒரே கதையை, குறிப்பிட்ட சேர்க்கைகள் 1, 5, 10, 15 முறை வரும்படி மாற்றிமாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். முறை கூடக்கூடப் பயன் கூடியது. அவர்களின் கட்டுரை 2013இல் வெளிவந்தது. இயல்பான வாசிப்பிலோ இறுக்கமான ஓர் இணை பதினைந்து முறை எதிர்ப்பட ஒரு நாவல் போதாது.

ஆகவே பயிற்சி வேண்டும் என்போம். நம் பயிற்சி என்பது பொருத்துக. இடப்பக்கம் வினைகள், வலப்பக்கம் பெயர்கள், நடுவில் மாணவர் இழுக்கும் கோடுகள். ஃபிராங்க் போயர்ஸும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட முடிவுகள் இந்தப் பழக்கத்துக்குச் சாதகமாக இல்லை. வினையையும் பெயரையும் பிரித்துவைத்துப் பொருத்தச் சொல்லும் பயிற்சிகளால் கிடைத்த பலன் அற்பம். தவறாகப் போட்ட கோடுகள், திருத்திக் காட்டிய பிறகும், சிலர் நினைவில் ஒட்டிக்கொண்டன. சேர்க்கையை உடைக்காமல் முழுசாகக் கொடுத்து வாக்கியத்தில் வைக்கச் சொல்வது அதைவிட மேல். தமிழ் வினைமரபுப் பாடத்தில் இதே பொருத்துக கேள்வி தீங்கு செய்யாததற்குக் காரணம், குழந்தையின் காதில் விடை முன்பே இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் காது இன்னும் உருவாகவில்லை. தவறான விடைகளுக்கு நடுவே ஒரு சரியான விடையை ஒளித்து வைக்கும் நுழைவுத்தேர்வுப் பயிற்சி நூல்களை நினைத்தால், நாம் காசு கொடுத்துப் பிழைகளை மனப்பாடம் செய்கிறோமோ என்று தோன்றுகிறது.

அகராதியை எந்தச் சொல்லில் திறப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. ஃபிரான்ஸ் யோசெஃப் ஹவுஸ்மன் என்ற ஜெர்மன் அறிஞர், சேர்க்கையின் இரு உறுப்புகளும் சமமல்ல என்றார். ஒன்று தளம், மற்றது அதைச் சார்ந்து வருவது. எழுதுபவருக்கு மழை என்பது தெரியும். அதற்கு என்ன அடை என்பதுதான் தெரியாது. எனவே ஹெவி என்ற சொல்லின் கீழ் மழையை வைக்கும் அகராதி வாசிப்பவருக்கு உதவும், எழுதுபவருக்கு உதவாது. 1986இல் வந்த பிபிஐ அகராதியும் 2002இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு சொற்சேர்க்கை அகராதியும் பெயர்ச்சொல்லின் கீழே வினைகளையும் அடைகளையும் அடுக்குவது இதனால்தான். மாணவர் தன் குறிப்பேட்டிலும் இதைச் செய்யலாம்: ஃபீவர் என்று மட்டும் எழுதிப் பக்கத்தில் காய்ச்சல் என்று குறிக்காமல், ஹேவ் எ ஹை ஃபீவர் என்று முழுசாக எழுதி, பக்கத்தில் 'கடும் காய்ச்சல் அடிக்கிறது' என்று எழுதுவது. நமக்குக் காய்ச்சல் அடிக்கிறது, அவர்களுக்குக் காய்ச்சல் இருக்கிறது என்ற முரண் அந்த ஒரு வரியிலேயே கண்ணில் பட்டுவிடும்.

எதைப் பிழை என்பது என்ற கேள்வி மிஞ்சுகிறது. இந்திய ஆங்கிலத்தை அதற்குரிய நெறிகளுள்ள ஒரு வகையாகவே பார்க்க வேண்டும் என்று காஷ்மீரில் பிறந்த பிரஜ் கச்ரு 1960களிலிருந்தே எழுதிவந்தார். எடின்பரோவில் படித்த அவர் ஃபர்த்தின் சிந்தனையைக் கொண்டே அந்த வாதத்தைக் கட்டினார் என்பது கவனிக்க வேண்டியது: சொல்லின் பொருள் அதன் சேர்மானத்தில் இருக்கிறதென்றால், சேர்மானம் வாழும் சூழலில் இருக்கிறது. கசின் பிரதர் என்று நாம் சொல்வது ஆங்கிலக் காதுக்கு உறுத்தலாம். உறவை ஆண் பெண் பிரித்துச் சொல்லியாக வேண்டிய சமூகத்துக்கு அது தேவை, அதை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. டூ தி நீட்ஃபுல் என்பதைக் கேட்டுச் சிரிக்கும் ஆங்கிலேயருக்கு, அது அவர்கள் அலுவலகங்களிலிருந்தே இங்கு வந்தது என்பது மறந்துபோயிருக்கும். ஆனால் டூ எ மிஸ்டேக்கை அப்படி விடக் கூடாது. நம் நாட்டின் நல்ல ஆங்கில எழுத்திலும் அதற்கு இடமில்லை, அதை வழக்காக ஏற்க யாரும் முன்வரவில்லை.

இடைப்பட்டவைதான் தீர்ப்புக்கு அடங்காதவை. தேர்வு எழுதுகிறோம், ஆகவே ரைட் தி எக்ஸாம் என்கிறோம். இங்கிலாந்தில் அது டேக் அல்லது சிட். அங்கே படிக்கப் போகும் தமிழ் மாணவியை யாராவது திருத்தக்கூடும். அவளுடைய தங்கை டொரன்டோவுக்குப் படிக்கப் போனால் திருத்த ஆள் இருக்காது. கனடாவில் தேர்வை எழுதத்தான் செய்கிறார்கள்.